நெட்டை நிறுத்தலாம், பாட்டை?
வாசகர் கேள்வி – பதில்

கண்காணிப்பு, இணையத் தடை, இவற்றுக்கு நடுவே கலை: இதுதான் இந்த மாதத் தலைப்பு. வந்த கடிதங்களில் பெரும்பங்கு தொண்டியிலிருந்து ஏர்வாடி வரையுள்ள ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து. எழுதியவர்கள் பெயரைப் போடவில்லை. ஊர் மட்டும் போதும். ஒரு வழக்கறிஞர், ஒரு சுவர் ஓவியர், ஒரு கணினிக்காரர் என மூவர் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. நடுவில் குரல் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'டிஜிட்டல் சர்வாதிகாரம்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். உதாரணம் கேட்டால் சீனா என்கிறார்கள். எங்கள் ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பெரிய வார்த்தையை ஓரமாக வையுங்கள். அதற்குள் இருப்பது மூன்று வேலை: அறுப்பது, பார்ப்பது, நீக்குவது.

அறுத்ததற்கு உதாரணம் உங்களிடமிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். 23ஆம் தேதியே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. பார்ப்பதற்கு: 2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நீக்குவதற்கு: 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடனின் மொத்த இணையதளமும் முடங்கியது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சொன்னது. ஒரு படத்துக்கு ஒரு தளமே பூட்டப்பட்டதை மறக்கக் கூடாது.

சீனா அளவுக்கு நாம் போகவில்லை என்பதும் உண்மைதான். இங்கே கோர்ட்டு இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி அவற்றை எப்படிப் பிடித்து இழுப்பது என்பதைப் பற்றியவை.

போராட்டம் என்றாலே நெட் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நின்றால் நாற்பது குடும்பத்துக்கு எப்படித் தகவல் சொல்வது?
– மீனவர் குடும்பம், தங்கச்சிமடம்

எது நின்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மொபைல் டேட்டாவைத்தான் நிறுத்துவார்கள். போன் பேச்சு ஓடும், பல சமயம் எஸ்எம்எஸ்ஸும் ஓடும்.

எஸ்எம்எஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். தாண்டினால் துண்டு துண்டாக, துண்டுக்கு 67 வீதம் போகும். நெரிசலில் ஒரு துண்டு வராமல் போனால் மீதியும் குழம்பும். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனி எழுத்தாகக் கணக்காகும். 'போராட்டம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது. 'கூட்டம் 4 மணி மாதா கோயில் முன்' என்பது இடைவெளியோடு சேர்த்து 30. இந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். வணக்கம், தோழமையுடன் எல்லாம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பது என்பது நல்ல எண். ஒருவர் மூவரைக் கூப்பிட, அந்த மூவரும் ஆளுக்கு மூவரைக் கூப்பிட, அவர்களும் ஆளுக்கு மூவரைக் கூப்பிட்டால் 1+3+9+27, சரியாக 40. மூன்றே சுற்று. இது உடையும் இடம் முதல் சுற்றுதான். அந்த மூவரில் ஒருவர் கடலுக்குப் போயிருந்தால் அவரோடு சேர்த்து 13 வீட்டுக்குச் செய்தி போகாது. அதனால் முதல் மூவரும் கரையில் இருப்பவர்களாக இருக்கட்டும், நடைமுறையில் பெண்கள். ஆளுக்கு ஒரு மாற்று ஆளும் வேண்டும். கடைசிச் சுற்றில் இருப்பவர் ஒருவர் முதல் ஆளைக் கூப்பிட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு மணி ஏழு மணியாக மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பட்டியலைத் தாளில் எழுதி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீரும் நேரத்தில் பட்டியலும் தீரும்.

படம், பாட்டு, வீடியோ என்றால் போனுக்குப் போன் நேராக மாற்றலாம்: புளூடூத், குயிக் ஷேர், இல்லையேல் மெமரி கார்டு. கியூபாவில் பல ஆண்டுகளாக வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவுக்குப் படமும் பத்திரிகையும் ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாகப் போகின்றன. இணையம் இல்லாமல் ஓடும் செயலிகளை மட்டும் நம்பி உட்காராதீர்கள். 2023இல் மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில், அப்படி ஓடும் பிரையரும் இருந்தது.

நம் கரைக்கென்று இரண்டு எச்சரிக்கை. படகில் உள்ள விஎச்எஃப் வாக்கியை இதற்குத் தொடாதீர்கள். 16ஆம் சேனல் உயிர் காக்கும் சேனல். அதில் கூட்டம் போட்டால் சட்டமும் வரும், சாபமும் வரும். இலங்கை சிம், சாட்டிலைட் போன் இரண்டும் கையில் இருக்கவே கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் அந்தக் கரை சிக்னல் தானாக ஏறுவதுண்டு. ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

உத்தரவின் நகலைக் கேளுங்கள். 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையற்ற நிறுத்தம் செல்லாது என்றது. இப்போதுள்ள 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் போக முடியாது. காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். 'மேலிடத்து வாய்மொழி' என்றால் அது உத்தரவே இல்லை.

பிள்ளைகள் வீதி நாடகம் போட நினைக்கிறார்கள். கதையைப் போலீஸிடம் காட்ட வேண்டுமா? மைக் இல்லாமல் கடற்கரையில் குரல் எடுபடுமா?
– பாம்பன்

காட்ட வேண்டியதில்லை. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுக்கச் சொன்ன 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை ரத்து செய்தது. ஆனால் கூட்டம் கூடுவதற்கான அனுமதி தனி விஷயம். பரமக்குடியில் செப்டம்பர் 11, பசும்பொன்னில் அக்டோபர் 30 நிகழ்ச்சிகளை ஒட்டி நம் மாவட்டத்தில் இரண்டு மாதம் தடையுத்தரவு போடுவது வழக்கம். அந்தக் காலத்தில் நாடகம் வைத்தால் கதை எதுவானாலும் வழக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் நல்ல நேரம். ஆளும் கரையில், படகும் கரையில். மைக் வைத்தால் அதற்குத் தனி அனுமதி. மைக்கை விட்டுவிடுங்கள்.

குரலுக்கு வழி இருக்கிறது. காற்றை முதுகில் வாங்கி நில்லுங்கள். கேட்பவர் காற்றுப் போகும் பக்கம் உட்காரட்டும். மாலையில் காற்று கடலிலிருந்து வரும், ஆகவே நடிப்பவர் முதுகு கடலுக்கு. ஆனால் அலைச் சத்தமும் அதே திசையிலிருந்துதான் வருகிறது. இதற்குத்தான் கரையேற்றிய இரண்டு படகுகள். அலை பக்கம் குறுக்கே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டும் 'ட' போல நிற்க, மூலையில் ஆடுங்கள். படகின் உடல் அலையை மறைக்கும், குரலைத் திருப்பி அனுப்பும். எந்தக் கடல் என்பதும் முக்கியம். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) இரைந்துகொண்டிருக்கும், வடகடல் (பாக் நீரிணை) குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. தடைக்கால முடிவில் என்றால் வடகடல் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

வசனத்தைக் குறையுங்கள், பாட்டைக் கூட்டுங்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் கட்டு இதற்கென்றே செய்தது போலிருக்கும்: ஒருவர் ஓர் அடி எடுக்க, மற்றவர் ஒரே பதிலைச் சொல்ல.

கம்பி அறுந்தா என்ன – ஏலேலோ
கத்திச் சொல்வோம் வாங்க – ஐலசா
கேமரா எத்தனை மேல – ஏலேலோ
கண்ணு ரெண்டாயிரம் கீழ – ஐலசா

மாதிரிக்குக் கட்டியது, உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள். பதிலடி எப்போதும் மாறக் கூடாது, முதலடி எப்போதும் மாறலாம். அப்போதுதான் புதிதாக வருபவரும் இரண்டாவது அடியிலேயே சேர்ந்துகொள்வார். நேற்று நடந்ததை இன்று பாட்டில் ஏற்றலாம். ஓரடிக்கு மூன்று சொல்லுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும், பதில் பிசகும். பெயர் சொல்லித் திட்டும் அடிகளைத் தவிருங்கள். 2015 அக்டோபரில் பாடகர் கோவன் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய பாட்டு இணையத்தில் பரவிய பிறகு தேசத்துரோகப் பிரிவில் கைதானார். கரையில் பாடியது காற்றோடு போகும். ஏற்றிய வீடியோ போகாது.

மறைமுகமாகச் சொல்வது என்றால் எப்படி? உருவகமாக எழுதினால் எங்கள் ஊரில் யாருக்கும் புரிவதில்லை.
– கவிதை எழுதுபவர், தொண்டி

உருவகத்தை நம்பாதீர்கள், படிவத்தை நம்புங்கள். எல்லோருக்கும் பழகிய ஓர் அறிவிப்பு வடிவத்தை எடுத்து, உள்ளே ஒன்றே ஒன்றை மாற்றுவது. நெருக்கடி நிலையில், 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று, அண்ணா சதுக்கத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியல் முரசொலியில் வந்தது. மிசா சட்டத்தில் சிறையில் இருந்தவர்களின் பட்டியல் அது. கைது என்ற சொல்லே இல்லை. தணிக்கை அதிகாரியால் ஓர் எழுத்தையும் அடிக்க முடியவில்லை. தமிழ்நாடு முழுக்கப் புரிந்துகொண்டது. 2022 நவம்பரில் சீன நகரங்களில் வெற்று ஏ4 தாளைத் தூக்கிப் பிடித்து நின்றார்களே, அதுவும் இதே வகைதான்.

கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காணவில்லை விளம்பரம், ரேஷன் கடைப் பலகை, ஏல அறிவிப்பு: எதை வேண்டுமானாலும் எடுங்கள். வானிலை எச்சரிக்கையையும் மீன்வளத் துறை அறிவிப்பையும் மட்டும் தொடாதீர்கள். இந்தக் கரையில் அதை நம்பித்தான் படகு இறங்குகிறது. யாராவது ஒருவர் உங்கள் கிண்டலை நிஜமென்று நம்பிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அரசு முத்திரை, அதிகாரி கையெழுத்து போல எதையும் வரைய வேண்டாம். அது போலி ஆவணம் என்ற வழக்காக மாறும்.

ஸ்டென்சில் வெட்டிச் சுவரில் அடித்தோம். எழுத்தெல்லாம் ஓட்டை விழுந்து, கீழே சாயம் வழிந்து, அசிங்கமாகிவிட்டது. எங்கே தப்பு?
– இளைஞர் மன்றம், பெரியபட்டினம்

மூன்று இடத்தில் தப்பு நடந்திருக்கும்.

முதலாவது, பாலம். தமிழில் ட, ப, ய, ர போன்ற சில எழுத்துகளுக்குத்தான் உள்ளே மூடிய வட்டம் இல்லை. க, த, வ, ல, ன, ண, அ, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாவற்றிலும் உண்டு. அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று கையோடு வந்துவிடும். 4 அங்குல எழுத்து என்றால் நடுத்துண்டை வெளியோடு பிடித்துவைக்க 5 மில்லிமீட்டர் அகலத்தில் குறைந்தது இரண்டு பாலம் விடுங்கள். எழுத்தின் தடித்த இடத்தில் பாலம் வரட்டும். சுழி திரும்பும் இடத்தில் வைத்தால் 'ன'வும் 'ண'வும் அடையாளம் தெரியாது. புள்ளிக்குப் பாலம் வேண்டாம், அளவுதான் முக்கியம்: 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சாயம் அடைத்துக்கொள்ளும். புள்ளி அடைத்தால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும்.

இரண்டாவது, தகடு. சார்ட் அட்டை கடற்காற்றில் நமுத்து, பத்து அச்சுக்குள் ஓரம் சுருளும். பழைய எக்ஸ்ரே பிலிம்தான் சிறந்தது. புதிய பிளேடோடு வெட்டினால் நூறு அச்சுக்கு மேல் தாங்கும். பிளேடைத் திருப்பாதீர்கள், பிலிமைத் திருப்புங்கள். வளைவு சுத்தமாக வரும்.

மூன்றாவது, சாயம். தண்ணீராகக் கலந்து பிரஷ்ஷால் இழுத்தால் தகட்டுக்கு அடியில் ஓடும். எமல்ஷனைத் தண்ணீர் சேர்க்காமல் தட்டில் ஊற்றி, ஸ்பாஞ்சை லேசாகத் தொட்டு, பழைய தாளில் இரண்டு முறை ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு சுவரில் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. ஒரே ஒற்றில் நிறம் ஏற வேண்டும் என்று நினைப்பதால்தான் வழிகிறது. இரண்டு சுற்று மெல்லிசாக ஒற்றினால் வழியாது.

சுவரும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் பக்கம் சிமெண்டுச் சுவரில் உப்புப் பூத்திருக்கும். அதன் மேல் அடித்த எழுத்து ஒரு மாதத்தில் பொருக்கோடு உதிரும். தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் வறட்டுத் தேய்ப்புத் தேய்த்து, சுண்ணாம்பு ஒரு பூச்சுப் பூசி, மறுநாள் அடியுங்கள். விடிகாலையில் வேண்டாம், சுவர் பனியில் ஈரமாக இருக்கும். மாலையில் மணல் பறந்து ஒட்டும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம்.

சுவரின் சொந்தக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கருத்தைப் பிடிக்காதவர் முதலில் தேடுவது அதைத்தான். தேர்தல் சமயத்துத் துண்டறிக்கையிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். மற்ற நாளில் பெயரில்லாமல் நகல் எடுக்க நினைத்தால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் போதும். கலர் லேசர் பிரின்டர்கள் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக மெஷின் எண்ணும் தேதியும் ஒவ்வொரு தாளிலும் பதியும்.

கோலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லலாமா? மாவு பறந்துவிடுகிறது, போட்டோவில் எழுத்து தெரிவதில்லை.
– இல்லத்தரசி, தேவிபட்டினம்

தாராளமாக. 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. அதன் பிறகுதான் ஊரெல்லாம் வாசலில் அந்தக் கோலம் வந்தது. உங்கள் வாசலில், உங்கள் இடத்துக்குள் போடுங்கள்.

கல் மாவு காற்றுக்கு நிற்காது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, பால் பதத்தில் கரைத்து, துணித் துண்டை நனைத்து இழையாக விடுங்கள். காயும்வரை தெரியாது, காய்ந்ததும் பளீரென்று வரும், பெருக்கினாலும் சட்டென்று போகாது. தண்ணீர் கூடினால் மட்டும் வெளிறும்.

போட்டோவில் எழுத்து தெரியாததற்குக் காரணம் கோணம். ஐந்து அடி உயரத்தில் போனைப் பிடித்து 12 அடி தள்ளி நின்று எடுத்தால், தரையில் 10 அங்குல நீளமுள்ள எழுத்து 4 அங்குலமாகச் சுருங்கிவிடும். அகலம் சுருங்காது, ஆகவே எழுத்து நசுங்கினாற்போல் தெரியும். பார்ப்பவரிடமிருந்து விலகிப் போகும் திசையில் எழுத்தை இரண்டரை மடங்கு நீட்டிப் போடுங்கள். கிட்டே நின்றால் கோணலாகத் தெரியும், தெருவில் நின்றால் நேராக நிற்கும். மொட்டை மாடியிலிருந்து எடுப்பதானால் நீட்ட வேண்டாம். டிரோன் எண்ணத்தை விடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கோலத்தைப் படமெடுக்கப் போய் வேறு வழக்கில் மாட்டுவீர்கள்.

போராட்டப் படங்களில் முகத்தை மங்கலாக்கித்தான் போடுகிறோம். அப்படியும் ஆளைக் கண்டுபிடிக்கிறார்களே?
– பாம்பன்

முகத்தை மறைத்தீர்கள், பின்னால் நிற்கும் படகை மறைத்தீர்களா? ஐஎன்டி–டிஎன் என்று தொடங்கும் பதிவு எண் முகத்தைவிடத் தெளிவான முகவரி. ராமேஸ்வரம் டிவி கோபுரமும் பாம்பன் பாலமும் எந்தப் பக்கத்தில் தெரிகின்றன என்பதை வைத்தே நின்ற இடத்தைச் சொல்லிவிடலாம். சட்டைக் கட்டம், செருப்பு, கைத்தழும்பு, பச்சை குத்தியது: இவற்றைப் பாருங்கள்.

மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக்குவதும் சில சமயம் திரும்பத் தெளிய வைக்கக் கூடியவை. கறுப்புக் கட்டம் வைத்து மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். அப்போது படத்தோடு ஒட்டியிருக்கும் இடக் குறிப்பும் உதிர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் அப்படியே போகும். தெளிவாக வரட்டும் என்று பலர் டாக்குமென்டாகத்தான் அனுப்புகிறார்கள்.

சாட்சியாகப் பயன்படப் போகும் மூலப் படத்தை மட்டும் தொடாதீர்கள். அதைத் தனி மெமரி கார்டில் வைத்து, எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுங்கள். கணினியில் செவன்-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக்கிலேயே வரும். 64 எழுத்துள்ள அந்த எண்ணைத் தேதியோடு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் இந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டால் கேமராவை ஏமாற்றலாமாமே?
– ராமேஸ்வரம்

2010இல் ஆடம் ஹார்வி என்ற அமெரிக்கக் கலைஞர் 'சிவி டேஸில்' என்ற பெயரில் செய்தது அது. அன்றைய மென்பொருளுக்கு எதிராக வேலை செய்தது. இன்றைய மென்பொருளிடம் செல்லாது. தெருவில் எல்லோர் கண்ணும் உங்கள் மேல் விழும், அவ்வளவுதான். நாடகத்துக்கு ஒப்பனையாகப் போடுங்கள், அழகாக இருக்கும்.

படகில் இஸ்ரோ கருவி மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் எங்கே மீன்பாடு பார்க்கிறோம் என்பதெல்லாம் தெரிந்துவிடுமே, கழற்றிப் போட்டால் என்ன?
– விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

கழற்றாதீர்கள், அண்ணாச்சி. டிரான்ஸ்பாண்டர் இரண்டு பக்கமும் பேசும் கருவி; செல் சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்துச் செய்தி அனுப்ப அதுதான் துணை. நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் இது. நீங்கள் கேட்கும் கேள்வி நியாயமானது, ஆனால் அதைத் தகவல் உரிமை மனுவாகக் கேட்க வேண்டும்.

ஒரு தாளில் நாலு கேள்வி. எங்கள் படகுகளின் இருப்பிடத் தகவல் எந்த அலுவலகத்தில், எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது? அதைப் பார்க்க அனுமதி பெற்ற துறைகள் எவை, அந்த உத்தரவின் நகல் தருக. அதை வைத்து அபராதமோ, கடலுக்குப் போகும் டோக்கன் நிறுத்தமோ எத்தனை படகுகளுக்கு விதிக்கப்பட்டது? உரிமையாளர் தன் படகின் தகவலைப் பெற வழிமுறை என்ன? பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, மீன்வளத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகல், எண்ணிக்கை, தேதி கேட்டால் திருப்ப முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கலைக்கு வருவோம். உங்கள் கடலை நீங்களே வரையுங்கள். கிழிந்த பாய்த்துணியோ தார்ப்பாயோ ஆறடிக்கு நாலடி எடுத்து, பாறைகள், தீவுகள், வழிகள், பழைய பாடுகளின் (மீன்பிடி இடங்களின்) பெயர்கள் எல்லாம் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். தார்ப்பாயில் டிஸ்டெம்பர் மடித்தால் வெடிக்கும். எனாமலை மெல்லிசாகப் பூசுங்கள், மடிக்காமல் சுருட்டுங்கள். பெயரை எழுதலாம்; கரை அடையாளத்தையும் ஆழத்தையும் எழுத வேண்டாம். கருவி எடுத்துப் போவதை நாமே பொதுவில் தொங்கவிட்டதாகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட மீமுக்கு அட்மின் உள்ளே போக வேண்டுமா?
– திருப்பாலைக்குடி

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. போட்டவரோடு சேர்ந்து திட்டமிட்டதாகக் காட்டினால் கதை வேறு. 'மறையும் செய்தி' வசதியை 7 நாளுக்கு வையுங்கள், பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல் போடுங்கள்.

என் கார்ட்டூன் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?
– ராமநாதபுரம்

வந்த அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதில் ஒரு வரியைத் தேடுங்கள். 'எங்கள் விதிகளை மீறியது' என்றால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையீடு. அங்கே தீராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழு. 'சட்டபூர்வக் கோரிக்கையின் பேரில்' என்றால் பின்னால் அரசு இருக்கிறது. அப்போது வேலை உயர் நீதிமன்றத்தில். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்கும்போது காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து ரிட் போடலாம் என்று 2015இல் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு சொல்கிறது. நடுவில் படத்தைத் தூங்கவிடாதீர்கள். ஓர் ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வரும். ஒரு பக்க ஜெராக்ஸ் செலவில் எட்டு கார்ட்டூன்.

சோதனைக்கு வந்தவர்கள் போனைக் கேட்டால்?
– பெயர், ஊர் வேண்டாம்

கைப்பற்றுவதானால் பட்டியல் எழுதி நகல் தர வேண்டும். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. எடுக்கிறார்களா என்று கேளுங்கள். போனின் ஐஎம்இஐ எண்ணைப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் கோர்ட்டுகள் வெவ்வேறாகச் சொல்லியிருக்கின்றன. வக்கீல் வராமல் அந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண் வையுங்கள். போனை அணைத்துத் திரும்பப் போட்டால் முதல் முறை எண்தான் கேட்கும். எதையும் அந்த நேரத்தில் அழிக்காதீர்கள். தடயத்தை அழித்ததாக இன்னொரு வழக்குச் சேரும். தேவையில்லாததைச் சும்மா இருக்கும் நாளில் அழியுங்கள்.

எங்கள் பாட்டைக் 'கடல் ஓசை'யில் போடச் சொல்லலாமா?
– குந்துகால்

பாட்டுக்குத் தடையில்லை. ஆனால் 90.4இல் வருவது சமுதாய வானொலி. அந்த உரிமத்தில் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாம். நேற்றைய கைதைப் பாட்டில் வைத்துக் கொடுத்து அவர்கள் உரிமத்துக்கு உலை வைக்காதீர்கள். பொதுவான அம்பாவைக் கொடுங்கள். முதலடியைக் கரையில் மாற்றிப் பாடிக்கொள்ளலாம்.

போஸ்டர் ஒட்டினால் விடிவதற்குள் ஆடு தின்றுவிடுகிறது. பசையில் என்ன கலப்பது?
– வேதாளை

மயில்துத்தம் கலப்பார்கள், நீங்கள் கலக்காதீர்கள். பூச்சி வராது என்பது சரி, தின்ற ஆடு செத்தால் ஊரே உங்களுக்கு எதிராகத் திரும்பும். வேப்பிலைச் சாறு கலக்கச் சொல்பவர்கள் ஆடு வளர்த்தவர்கள் இல்லை. வேப்பிலை என்றால் ஆட்டுக்கு விருந்து. ஒரு கிலோ மைதாவை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நாலு லிட்டரில் கிளறிக்கொண்டே ஊற்றி, நிறம் கண்ணாடி போல் மாறும்வரை ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், கடற்கரைப் புழுக்கத்தில் மறுநாள் புளிக்கும். தாளின் பின்னாலும் மேலாலும் பூசி, ஓரங்களைத் துணியால் அழுத்துங்கள். ஆடு இழுப்பது தூக்கிய ஓரத்தைத்தான். கீழ் ஓரம் ஆறடிக்கு மேலே இருக்கட்டும். பின்னங்காலில் எழும்பி நின்றாலும் எட்டாது. பக்கத்தில் கட்டுமரம், மீன் பெட்டி எதுவும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள், அதில் ஏறி நின்று தின்னும்.